10+10 அஞ்சல்தலை

என் அத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். அங்கிருந்த வெளிநாட்டு மருத்துவர்களுக்கு வரும் உறைகளிலிருந்து அஞ்சல்தலைகளைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். நான் அவற்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய செய்தித்தாள்மேல் கவிழ்த்துக் காயவைத்து, ஆல்பத்தில் ஒட்டுவேன். அந்த ஆல்பத்தில் நான் அதிகம் நேசித்தது சுவிட்சர்லாந்துப் பக்கம்தான். கறுப்பு இறகில் சிவப்புப் பட்டை ஓடும் ஒரு வண்ணத்துப்பூச்சி, அதன் ஓரத்தில் 'ப்ரோ யுவென்டுட்டே' என்ற எழுத்துகள், பக்கத்தில் 10+10 என்ற எண். அஞ்சல்தலையில் எதற்குக் கூட்டல் குறி என்று கேட்டதற்கு, முதல் பத்து தபாலுக்கு, இரண்டாவது பத்து ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று அத்தை விளக்கினார். ஒரு நாடே கடிதம் எழுதும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கிறது என்பதை நினைத்து அன்று நான் வியந்துபோனேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, யெனிஷ் மக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ப்ரோ யுவென்டுட்டே என்ற பெயரை மறுபடியும் சந்தித்தேன். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் வாழும் இவர்கள், ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா மக்களிலிருந்து வேறான ஒரு சமூகம். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்பது, கூடை முடைவது, ஓட்டைப் பாத்திரம் அடைப்பது, சில்லறைச் சாமான் விற்பது, பழைய இரும்பு வாங்குவது என்று ஊர் ஊராகப் பிழைத்தவர்கள். அவர்கள் தமக்குள் பேசும் மொழி ஜெர்மன் இலக்கணத்தின்மேல் ஈப்ரு, ரோமானிச் சொற்களை ஏற்றிக் கட்டியது. அதை வெளியாருக்குச் சொல்லித்தர அவர்களில் பலர் இன்றும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கான காரணம் தெரிந்த பிறகு என்னால் அதைக் குறை சொல்ல முடியவில்லை.

அந்த அஞ்சல்தலைக் காசைப் பெற்ற பிள்ளைகள் நல அமைப்பான அதே ப்ரோ யுவென்டுட்டே, 1926-இல் 'நாடோடிப் பிள்ளைகளுக்கான உதவிப் பணி' ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்திய ஆல்ஃபிரெட் சீக்ஃபிரீட் ஆசிரியராக இருந்தவர். நாடோடி வாழ்க்கை ஒரு பரம்பரைக் கேடு, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தாலொழிய அது தீராது என்பது அவருடைய கொள்கை. யெனிஷ் குடும்பங்களை மனநோய் மரபாக வருணித்து, மனநல மருத்துவர் யோசப் யோர்கர் 1905-இலேயே எழுதிய ஆய்வு அதற்கு முன்பே வழி போட்டிருந்தது. 1973 வரையில் ஏறத்தாழ 600 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்டார்கள். சிலர் விடுதிகளுக்கும், சிலர் பண்ணைகளில் வேலைக்கும், சிலர் மனநல மருத்துவமனைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லக்கூடாது என்பதே நடைமுறையாக இருந்தது. தாய்மார் எழுதிய கடிதங்கள் பிள்ளைகளிடம் கொடுக்கப்படாமல் கோப்பில் கோக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளில் சிலர் முதுமையை நெருங்கும் வயதில் தம் கோப்பைத் திறந்தபோதுதான் தாயின் கையெழுத்தைக் கண்டார்கள்.

இதில் என்னை உறங்கவிடாதது என்னவென்றால், இதைச் செய்தவர்கள் தம்மைத் தொண்டர்கள் என்றே நம்பினார்கள் என்பதுதான். பகைவன் வந்து பிடுங்கினால் ஊரார் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். இரக்கம் என்ற பெயரில் பிடுங்கியதால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் கேட்பாரில்லை. மரியெல்லா மேர் என்ற யெனிஷ் எழுத்தாளர் 1947-இல் பிறந்து, சிறு குழந்தையாகவே பிரிக்கப்பட்டவர். அவருக்கு முன் அவருடைய தாய்க்கும், அவருக்குப் பின் அவருடைய மகனுக்கும் அதே கதி நேர்ந்தது. 1972-இல் ஒரு சுவிஸ் பத்திரிகை தாய்மாரின் குரலை அச்சில் ஏற்றிய பிறகே அந்தப் பணி மூடப்பட்டது. 1986-இல் குடியரசுத் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். நடந்தது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சுவிஸ் அரசு ஒப்புக்கொண்டது 2025 பிப்ரவரியில்தான்.

நம் பக்கத்திலும் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர்கள் உள்ளிட்ட பல சமூகத்தாரின் கைரேகையை எடுத்துக் காவல் நிலையத்தில் வைத்தது. (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு, இரண்டையும் ஒன்றாக எழுதும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.) வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம் பெற 2023 வரை காத்திருந்தார்கள். ஆனாலும் யெனிஷ் கதையைப் படித்தபோது எனக்குச் சட்டங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. காட்பாடி ரயில் நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் நடைமேடையின் கோடியில், மேம்பாலப் படிக்கட்டின் நிழலில், ஒரு நரிக்குறவர் குடும்பம் இறங்கியிருந்தது. பாசிமணி கோத்துக்கொண்டிருந்த தாயின் மடியருகே ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, தாய் கேட்கும் நிறத்து மணியை டப்பாவிலிருந்து பொறுக்கித் தந்துகொண்டிருந்தது; ஒரு முறைகூட நிறம் தவறவில்லை. அவ்வளவு கூர்மையான பிள்ளை இப்படி வீணாகிறதே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளையை விடுதியில் சேர்த்துவிடு, சோறும் துணியும் படிப்பும் கிடைக்கும், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று அந்தத் தாயிடம் வற்புறுத்தினேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "நாங்க நாளைக்குத் திருவண்ணாமலை போய்டுவோம் சாமி. அங்கேர்ந்து எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. லீவு வுட்டா புள்ள எங்கள எங்க வந்து தேடும்?"

விடுதியின் விதிகள் எனக்கு மனப்பாடம். அவர் கேட்டதற்கு அவற்றில் பதில் இல்லை. பிள்ளை அடுத்த பச்சை மணியை எடுத்து நீட்டியது. அவர் வாங்கிக் கோத்தார். நான் வேலூருக்குப் பேருந்து ஏறினேன்.