பஸ்ஸுக்குள் ஓடின பாட்டுகளுக்குக் கையெழுத்து வாங்கின கதை

அக்கரைப்பற்றில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஓட்டுவதுதான் எங்கள் கேம். 2013இல் கம்பஸில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்தது. சீடியில் எழுதி ஃபோன் கடைகளில் வைத்தோம். காசுக்குப் போனதைவிட பென் டிரைவில் கைமாறிப் போனதுதான் கூட. இப்போது திறந்து பார்த்தால் கல்லடிப் பாலம் அட்டைப் பெட்டியில் வெட்டி ஒட்டின மாதிரி நிற்கிறது. ஆனாலும் அதை அந்த நாளில் விளையாடினவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: "அந்த பஸ்ஸுக்குள்ள போற பாட்டெல்லாம் அப்படியே இருக்கா மச்சான்?"

அதைத் திருத்தி, கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் போடுவோம் என்று போன வருடம் முடிவெடுத்தோம். கோடிங் வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழைய எஞ்சினில் இருந்து புதியதற்கு மாற்றினோம், ஓடியது. ஸ்டீமுக்குக் கேம் ஒன்றுக்கு 100 டொலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டொலரைத் தொட்டால் அந்தக் காசு திரும்பி வரும். அதுவும் பிரச்சினை இல்லை. கேமில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமை எங்களிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் கை நின்றது. பஸ் ரேடியோவில் ஓடுகிற பாட்டுகள் எல்லாம் எங்கள் பக்கத்துப் பாட்டுகள். தந்தவர்கள் சந்தோஷமாகத்தான் தந்தார்கள். எல்லாம் வாய்ப் பேச்சில்.

பெரிய கம்பனிகள் இதே இடத்தில் விழுந்ததை நாங்கள் வாசித்திருந்தோம். 2010இல் வந்த அலன் வேக் என்ற கேம், பாட்டு லைசன்ஸ் முடிந்ததால் 2017 மே மாதம் கடையில் இருந்து எடுக்கப்பட்டது. எடுக்க முன் 90 வீதம் விலை குறைத்து விற்றுத் தீர்த்தார்கள். மறுபடி 2018 ஒக்டோபரில்தான் வந்தது. 2008இல் வந்த ஜிடிஏ 4 இன்னும் மோசம். பத்து வருடம் முடிந்ததும், 2018 ஏப்ரலில், கேமுக்குள் ஓடுகிற ரேடியோவில் இருந்த பல பாட்டுகளை அப்டேட் போட்டே கழற்றினார்கள். விலாடிவொஸ்டொக் எஃப்எம் என்ற அந்த ரஷ்ய நிலையத்துக்கு வேறு பாட்டுகள் வந்தன. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவனுடைய கேமிலும் பாட்டு போனது. கிரேஸி டாக்ஸி என்ற பழைய கேமை 2010இல் மறுபடி விட்டபோது அதற்கு அடையாளமாயிருந்த ஒஃப்ஸ்பிரிங், பாட் ரிலிஜன் இரண்டு பேண்டுமே இல்லை. டாக்ஸி ஓடுகிறது, ஆனால் அது அந்த டாக்ஸி இல்லை என்பது என் எண்ணம்.

ஏன் இப்படி முடிகிறது என்றால், காலம் குறித்து லைசன்ஸ் வாங்குவது மலிவு. ஏழு வருடமோ பத்து வருடமோ போதும், அதற்குப் பிறகு யார் இந்தக் கேமை வாங்கப் போகிறார்கள் என்றுதான் அந்த நேரம் நினைக்கிறார்கள். சீடியில் விற்ற காலத்துக்கு அந்தக் கணக்குச் சரி. அச்சடித்த சீடியை யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள். இணையக் கடையிலோ ஒவ்வொரு நாளும் புதிதாக விற்கிறோம், லைசன்ஸ் முடிந்த அடுத்த நாளே விற்க முடியாது.

எங்களுக்கு உதவின சட்டத்தரணி மட்டக்களப்பு நீதிமன்றத்தில் காணி வழக்குகள் பேசுகிறவர். பாட்டு வழக்கு அவருக்கும் புதிது, அதனாலேயே ஆர்வமாக இருந்தார். அவர் முதலில் எடுத்து வைத்தது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி பதிப்புரிமையில் எந்த அனுமதி கொடுத்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்து வைக்க வேண்டும். "போடுங்கடா தம்பிமாரே, நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே" என்று 2013இல் சொன்னது அந்தக் கணக்கில் சேராது.

மறுகா அவர் ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே நிரப்பச் சொன்னார்: வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், ஒலிப்பதிவுக்குக் காசு போட்டவர். இந்த நாலாவது கட்டம்தான் பலருக்குத் தெரியாதது. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஒரு ஸ்டூடியோவில் பதிந்த அந்த ஒலிப்பதிவு வேறொன்று. முதலாவதை ஒரு கேமில் சேர்க்க வாங்குவது சிங்க் லைசன்ஸ். இரண்டாவதற்கு மாஸ்டர் லைசன்ஸ். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அதிர்ஷ்டம்.

உதாரணத்துக்கு, விபுலானந்த அடிகளாரின் கவிதை ஒன்றுக்கு மெட்டுப் போட்ட பாட்டு எங்களிடம் இருந்தது. காரைதீவுப் பிள்ளை அவர், 1947இல் காலமானார். எழுதியவர் இறந்து எழுபது வருடம் என்று எங்கள் சட்டம் சொல்கிறது, ஆகவே வரிக்கு 2017ஓடு காலம் முடிந்துவிட்டது. இது சுலபமானது என்று முதல் நாளே ஓரமாக வைத்தோம். மெட்டு ஓய்வுபெற்ற சங்கீத சேர் ஒருவருடையது. அவர் தேத்தண்ணி தந்து, கையெழுத்தும் வைத்துத் தந்தார். ஆனால் ஒலிப்பதிவுக்குக் காசு போட்டவர் களுவாஞ்சிக்குடியில் கலியாண வீடியோக் கடை வைத்திருந்தவர். கடை பூட்டி, ஆள் கட்டாருக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடிப்பதைவிட, சேரையே மறுபடி பாட வைத்துப் புதிதாகப் பதிவோமா என்றும் யோசித்தோம். அது ஒரு நல்ல வழிதான். மாஸ்டர் கிடைக்காத இடத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பழைய பதிவில் நடுவில் ஒரு குழந்தை இருமுவது கேட்கும், விளையாடினவர்களுக்கு அந்த இருமல் வரை பாடம். கடைசியில் கட்டார்க்காரரின் தங்கச்சி மூலம் வாட்ஸ்அப் இலக்கம் கிடைத்தது. "அதுக்கெல்லாம் எதுக்கு மனே கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே ஒப்பமிட்டு அனுப்பினார்.

பேண்ட் ஒன்றின் பாட்டுகளில் கொஞ்சம் கஷ்டப்பட்டோம். பேண்ட் கலைந்துவிட்டது, கீபோர்ட் வாசித்தவர் இறந்துவிட்டார். மெட்டில் அவருக்கும் பங்கு. பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. இளைய மகனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அவனுடைய பங்குக்குத் தாய் கையெழுத்து வைத்தால் போதுமா என்று சட்டத்தரணி நெற்றியைச் சுருக்கினார். பதினெட்டு ஆக அதிக காலம் இல்லாததால் பொறுத்தோம். பிறந்தநாளுக்கு அடுத்த கிழமை அவனே அடையாள அட்டையோடு வந்து ஒப்பமிட்டான். கேமை விளையாடினது இல்லையாம், அப்பா வாசித்தது எந்தப் பாட்டில் வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனான்.

காசுக் கதையும் சொல்ல வேண்டும். சிலர் ஒன்றும் வேண்டாம் என்றார்கள், ஒருவர் மொத்தமாகக் கேட்டார், இன்னொருவர் விற்பனையில் பங்கு கேட்டார். சினிமா, கேம் உலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: ஒரு பாட்டுக்குக் கூடக் கொடுத்தால் மற்றப் பாட்டுகளுக்கும் அதே தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. நாங்களும் அதையே எழுதினோம். வேண்டாம் என்றவர்களுக்கும் அதே தொகை போனது. ஊருக்குள் இது முக்கியம். இல்லாவிட்டால் காத்தான்குடியில் சொன்ன விலை நாங்கள் வீடு வந்து சேர முன் ஆரையம்பதிக்குத் தெரிந்துவிடும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். உள்ளே இருந்தவை இவ்வளவுதான்: வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் அனுமதி. கால எல்லை இல்லை. நாடு எல்லை இல்லை. இன்றுள்ள இயந்திரங்களும் இனி வரப்போகும் இயந்திரங்களும் அடக்கம். கேம் விளம்பர வீடியோவுக்கும் செல்லும். பாட்டு அவர்களுடையதாகவே இருக்கும், வேறு யாருக்கும் அவர்கள் கொடுக்கலாம். "இனி வரப்போகும் இயந்திரங்கள்" என்ற வரியை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டி வந்தது. பெரிய கம்பனிகளுக்கு இந்த வரியும் கால எல்லை இல்லை என்ற வரியும் விலை கூடியவை. எங்கள் மாதிரிச் சின்ன ஆட்களுக்குத்தான் இவை ஊர் விலைக்குக் கிடைக்கின்றன, கிடைக்கிற நேரத்தில் வாங்கிவிட வேண்டும்.

மெனுவில் வருவது கல்லடிப் பாலத்தடியில் பதிந்த மீன் பாட்டு, தண்ணீருக்குள் மீன் பாடுவதாக ஊரில் சொல்லும் சத்தம். பாடின மீனுக்கு உரிமை இல்லை. ஆனால் பூரணை இரவில் தோணியில் போய், தண்ணீருக்குள் மைக் விட்டுப் பதிந்த கூட்டாளிக்கு ஒலிப்பதிவு உரிமை உண்டு. எந்தச் சத்தத்தின் பதிவும் ஒலிப்பதிவுதான் என்கிறது சட்டம். அவனிடமும் கையெழுத்து வாங்கினோம்.

ஒரு பாட்டு கிடைக்கவில்லை. வரியும் குரலும் பதிவும் ஒரே ஆளுடையது, காதல் பாட்டு. அவர் இப்போது வெளிநாட்டில் பாஸ்டர். "தம்பி, அந்தப் பாட்ட விட்டுருங்க, நான் இப்ப அத நினைக்கிறதில்ல" என்று குரல் பதிவு அனுப்பினார். வற்புறுத்தவில்லை. அந்த இடத்துக்கு வந்தாறுமூலைப் பக்கத்துப் பொடியன் ஒருவனின் புதுப் பாட்டைப் போட்டோம். நல்ல பாட்டு. ஆனாலும் சோதித்துப் பார்க்கக் கொடுத்த எல்லாரும் குருக்கள்மடம் தாண்டினதும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

அக்கரைப்பற்று உம்மா ஒருவர் பாடின கவி இன்னும் வெளியே நிற்கிறது. அவர் மௌத்தாகி, மகள்தான் இருக்கிறார். "உம்மாட பேர் வருமா தம்பி?" என்றார். "ஓம் ராத்தா, முதலாவதா வரும்" என்றேன். அவர் பக்கம் முடிந்தது. ஆனால் கவி யாரும் தனியாக எழுதினது இல்லை, நாட்டார் பாடல். சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்குகளை வியாபாரத்துக்கு எடுத்தாலோ வழமையான இடத்துக்கு வெளியே எடுத்தாலோ, அமைச்சர் குறிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்கிறது. எங்கள் பஸ் கேம் இந்த இரண்டிலும் விழும். எழுதிப் போட்டிருக்கிறோம். அனுமதி வந்தால் இலவச அப்டேட்டாகச் சேர்ப்போம். டச்பாரில் ஒரு பறங்கியர் கலியாணத்தில் நாங்களே பதிந்த, அவர்களின் ஆட்டப் பாட்டான கப்ரிஞ்ஞாவும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவு நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாடினவருடைய மகள் சம்மதித்த பிறகும் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கேம் வெளிவந்து கொஞ்ச நாளில் ஒரு பொடியன் அதை யூடியூபில் விளையாடிப் போட்டான். வீடியோவுக்குப் பதிப்புரிமைக் கோரிக்கை வந்தது. பார்த்தால், பேண்டில் இருந்த ஒருவர் இடையில் அந்தப் பாட்டை விநியோகக் கம்பனி ஒன்றின் மூலம் இணையத்தில் விட்டிருக்கிறார். யூடியூபின் கொன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டு தானாகக் கோரியிருக்கிறது. எங்கள் கடிதம் கையில் இருந்தாலும் இயந்திரத்துக்கு அது தெரியாது. அவர் அந்தக் கம்பனிக்கு எழுதி அந்தப் பாட்டுக்கு மட்டும் கொன்டென்ட் ஐடியை நிறுத்தினார். கோரிக்கை விலகியது. அடுத்த அப்டேட்டில் ஸ்ட்ரீம் பண்ணுகிறவர்களுக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு ஹோர்னும் கொண்டக்டர் சத்தமும் மட்டும் போகிற ஒரு பட்டன் வைத்தோம். நான் அதை அமத்துவதில்லை.