கடுகு அளவு பூமி: ஆறாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 21, 2024, வெள்ளி

பயிற்சிக்குப் போய் வந்த சக ஆசிரியர் ஒரு தாள் கொடுத்தார். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து எழுத வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த உளவியலாளர்கள் நால்வர் 2008-இல் இதுபற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். வகைக்கு ஏற்றபடி நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். அதற்காகச் செய்முறையே வேண்டாம் என்று ஆகிவிடாது. சில பாடங்களை நடந்து, அளந்து, கையில் பிடித்துப் பார்த்தால்தான் யாருக்குமே விளங்கும். சூரியக் குடும்பம் அப்படி ஒரு பாடம்.

ஜூன் 24, திங்கள்

1 சென்டிமீட்டருக்கு 1 லட்சம் கிலோமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டோம். வகுத்தல் எல்லாம் பிள்ளைகள்தான். சூரியனின் விட்டம் 14 செ.மீ. வந்தது, செய்தித்தாளைச் சுருட்டி நூல் சுற்றிப் பந்து செய்தார்கள். வியாழனுக்குக் கோலிகுண்டு. பூமி 1.3 மி.மீ.தான், கடுகு போதும். சத்துணவுக் கூடத்தில் ஒரு சிட்டிகை வாங்கி வந்தோம்.

ஜூன் 25, செவ்வாய்

காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டோம். கொடிக்கம்பத்தின் அடியில் சூரியன். டேப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். 5.8 மீட்டரில் புதன், 10.8-இல் வெள்ளி, 15-இல் பூமி. கடுகை அட்டையில் ஒட்டி ஒரு பெண் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலாவுக்கு ஒரு மணல் துகள், கடுகிலிருந்து 4 செ.மீ. கூட இல்லை. "மனுசன் போனதிலேயே ரொம்பத் தூரம் இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், அவள் இரண்டு விரல் அகலம்தான்.

வியாழனுக்கு 78 மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. அங்கே மைதானம் முடிந்துவிட்டது. சனி 143 மீட்டர். கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம். நெப்டியூன் 450 மீட்டர். அந்தத் தெருவிலிருந்து வரும் பையனிடம் சொன்னதும், "எங்க வீட்டைத் தாண்டி!" என்று கத்தினான். எப்போதும் முழு மதிப்பெண் வாங்கும் பெண் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். "இதுல எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கே டீச்சர்?" ஒரு பக்கத்தில் அந்தத் தூரத்தை யாராலும் வரைய முடியாது. படித்து மனப்பாடம் செய்தவளுக்கும் இந்த நடை தேவைப்பட்டது. அவளை நான் எந்த வகையில் எழுதுவது?

அடுத்த நட்சத்திரம் எங்கே என்றார்கள். இதே அளவில் சுமார் 4,000 கி.மீ. சென்னையிலிருந்து ரயிலில் தில்லி போய்த் திரும்பி வருகிற தூரம் கிட்டத்தட்ட.

ஜூன் 26, புதன்

ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகிறது. நம் மைதானத்தில் அது 3 செ.மீ. அப்படியானால் 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று பத்து நொடி. சூரியனிலிருந்து தொடங்கி, பத்து நொடிக்கு ஒரு முறை ஸ்கேலை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார முடியாத பையனிடம் ஸ்கேலைக் கொடுத்தேன். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். ஐம்பதாவது ஸ்கேல் கடுகைத் தொட்டபோது 8 நிமிடம் 20 நொடி. அவசரப்பட்டவர்களை, "ஒளி இதுக்கு மேல வேகமாப் போவாது" என்று அவனே அடக்கினான். வியாழன் வரை போகலாமா என்றும் கேட்டான். கணக்குப் போட்டால் 43 நிமிடம், ஒரு பீரியட் முழுக்க! தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

மழை. நோட்டில் படம் வரைந்தோம்.

ஜூன் 28, வெள்ளி

நல்ல வெயில். மேற்கே நிலா, பாதிக்குச் சற்று மேல். பகலில் நிலா இருப்பதே சிலருக்குப் புதுச் செய்தி. ஆளுக்கொரு எலுமிச்சையை ஈர்க்குச்சியில் குத்தி, கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் சூரியன். எலுமிச்சையில் வெயில் பட்ட பாகமும் நிலாவில் தெரிந்த பாகமும் ஒரே வடிவம். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எலுமிச்சை மேல யார் நிழலும் விழலையே" என்று ஒருத்தி சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

திங்கட்கிழமை நிலா இன்னும் மெலிந்து, சூரியனுக்கு நெருங்கி வந்திருக்கும். எலுமிச்சையும் அதே மாதிரி மெலிந்து தெரியுமா என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். வானம் வெளுத்திருந்தால் பார்த்துவிடலாம்.