ஸ்பேமில் விழும் டொமைனை இன்பாக்ஸுக்கு மீட்ட விதம்

விளம்பர மெயில்கள் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகத் தொடங்கினால், பலரும் முதலில் கை வைப்பது தலைப்பில்தான். ‘இலவசம்’ என்ற சொல்லை எடுப்பார்கள், படங்களைக் குறைப்பார்கள். நாங்கள் மீட்ட டொமைன்களில் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) கோளாறு பெரும்பாலும் அங்கே இருந்ததில்லை. அனுப்பும் டொமைனுக்கு ஜிமெயிலிடம் இருந்த நற்பெயர் கெட்டிருக்கும்.

முதலில் அடையாளச் சோதனை. போய்ச் சேர்ந்த மெயில் ஒன்றைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் வரிகள் தெரியும். எஸ்பிஎஃப் என்பது டொமைன் சார்பாக எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம், மெயிலில் விழும் டிஜிட்டல் கையொப்பம். இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். முதல் இரண்டில் ‘பாஸ்’ இருந்தும் டிமார்க்கில் ‘ஃபெயில்’ வந்தால், டிகிம் வரியிலுள்ள டொமைனைப் பாருங்கள். அநேகமாக அது மெயில் அனுப்பித்தரும் சேவையின் டொமைனாக இருக்கும். சேவை தரும் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேடு) சேர்த்து, உங்கள் டொமைன் பெயரிலேயே கையொப்பம் விழச் செய்யுங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினால் முழுப் பதிவும் செல்லாது.

ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இந்த மூன்றும் கட்டாயம். புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3-ஐத் தொடவே கூடாது. இன்பாக்ஸில் 2,000 பேருக்குப் போய்ச் சேர்ந்து ஆறே பேர் ‘ஸ்பேம்’ அழுத்தினால் 0.3 ஆகிவிடும்!

இந்த எண்ணை, மெயில் அனுப்புவோருக்காக கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியில் பார்க்கலாம். ஆனால் அங்கே பூஜ்யம் தெரிந்தால் நிம்மதி அடையாதீர்கள். இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துத்தான் இந்த விகிதம் கணக்காகிறது. ஏற்கெனவே ஸ்பேமில் கிடக்கும் மெயிலை யார் புகார் செய்வார்கள்? கிளிக்குகள் திடீரென விழுந்து புகாரும் பூஜ்யமானால், மெயில் இன்பாக்ஸைத் தொடவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, உண்மையில் மீட்டுத் தரும் வேலை: பட்டியலைக் குறைப்பது. விற்பனைப் பிரிவு இதற்கு லேசில் சம்மதிக்காது, பிடிவாதமாக நில்லுங்கள். கடைசியாகக் கிளிக் செய்த அல்லது வாங்கிய தேதியை வைத்து 30 நாள், 90 நாள், 180 நாள், அதற்கும் மேல் எனப் பிரியுங்கள். மெயிலைத் திறந்த கணக்கை நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, யாரும் படிக்காமலேயே படங்களை இறக்கித் திறந்ததுபோல் காட்டும். 30 நாள் குழுவுக்கு மட்டும் சில வாரங்கள் அனுப்புங்கள். புகார் 0.1-க்குக் கீழே நின்றால் 90 நாள் குழுவைத் துண்டு துண்டாகச் சேருங்கள். எண்ணிக்கையை ஒரேயடியாக ஏற்றினால் 421-4.7.28 என்ற தற்காலிக மறுப்பு வரலாம். வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வருடக்கணக்கில் அசையாத முகவரிகளைத் தொடவே வேண்டாம். கைவிடப்பட்ட முகவரிகள் சில ஸ்பேம் பொறிகளாக (ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைத்திருக்கும் முகவரிகள்) மாற்றப்பட்டிருக்கும். அவற்றில் சிக்கினால் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறவும் கூடும்.

புது டொமைன் வாங்கி ஓடிவிடலாம் என்று தோன்றும். வரலாறே இல்லாத டொமைனிலிருந்து பெருங்கூட்டமாக மெயில் கிளம்புவது ஸ்பேமர்களின் வழக்கம். இருந்த மரியாதையும் போகும். ஓடிபி, பில் போன்றவற்றைத் தனித் துணை டொமைனுக்கு மாற்றுவது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

விலகும் வழியை ஒளிக்காதீர்கள். லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட் ஆகிய இரண்டு ஹெடர்களும் (மெயிலோடு மறைவாகப் போகும் தகவல் வரிகள்) வேண்டும். ஒரே கிளிக்கில் வேலை முடிந்து, இரண்டு நாளுக்குள் பெயர் நீங்க வேண்டும். லாகின் கேட்டால் ஆள் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார்.

புகார் செய்தது யார் என்று ஜிமெயில் சொல்லாது. அதனால் ஒவ்வொரு பிரசாரத்துக்கும் ஃபீட்பேக்-ஐடி ஹெடரில் தனி அடையாளம் வையுங்கள். போதிய அளவு அனுப்பினால், எந்தப் பிரசாரத்தில் புகார் குவிகிறது என்பது போஸ்ட்மாஸ்டரில் தெரிந்துவிடும்.