பாரத்தின் இடது மூலைக் கட்டம்

ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் எழுதித் தரும் துண்டுச் சீட்டுக்கு எவ்வளவு பலம் இருந்தது என்று மலேசியாவில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தவர்களில் யார் சிக்கு (நோயாளி), யார் மரம் சீவப் போகலாம் என்று அந்தச் சீட்டுதான் பேசும். கணக்கு எழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும் ஆளைப் பார்க்கமாட்டார்கள், சீட்டைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று நர்ஸாக, மெடிக்கல் அசிஸ்டென்டாக, டாக்டராகப் படிக்கிறார்கள். மருத்துவரின் கையெழுத்தே கொலைக் கருவியான நாஜி ஜெர்மனியைப் பற்றிய இந்தப் பதிவு அவர்களுக்கு.

நாஜி மருத்துவர்கள் என்றதும் எல்லோரும் ஆஷ்விட்ஸ் முகாம் மருத்துவர் மெங்கலே பெயரைத்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். ஒரு கொடூரன் இருந்தான், நாம் அப்படியில்லை என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஜெர்மன் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்கள். வேறு எந்தப் படித்த தொழிலிலும் அந்த அளவுக்குச் சேரவில்லை. ஆகவே ஒரு பாரத்திலிருந்து, அதாவது நிரப்பித் தரும் படிவத்திலிருந்து, தொடங்குகிறேன்.

1939 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் மனநல விடுதிகளுக்கு ஓர் ஒற்றைப் பக்கப் பாரம் வந்தது. பெயர், பிறந்த தேதி, இனம், நோய், எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், யாராவது தவறாமல் பார்க்க வருகிறார்களா என்று கேள்விகள். எதற்காக என்று எழுதவில்லை. போர்க்கால வேலைக்கு ஆள் எடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று சில விடுதி மருத்துவர்கள் நினைத்தார்கள். தோட்டத்திலும் சமையலிலும் நன்றாக வேலை செய்யும் நோயாளிகளை இழக்க மனமில்லாமல், ‘இவரால் வேலை செய்ய முடியாது’ என்று குறைத்து எழுதினார்கள். காப்பாற்ற எழுதிய அந்த வரிதான் அவர்களைக் கொன்றது, ஏனென்றால் வேலைக்கு ஆகாதவர்களைத்தான் அந்தப் பாரம் தேடியது.

பாரத்தின் நகல்கள் மூன்று மனநல மருத்துவர்களுக்குப் போயின. இடது மூலையில் கீழே கறுப்புக் கோடு போட்ட ஒரு கட்டம். சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். நோயாளியை அவர்கள் பார்த்ததே இல்லை. எக்ல்ஃபிங்-ஹார் விடுதியின் இயக்குநர் ஹெர்மன் ஃபான்மியுல்லர் 1940 நவம்பர் 12 முதல் டிசம்பர் 1 வரை 2,109 பாரங்களை முடித்தார். அதாவது ஒரு நாளைக்கு நூறுக்கு மேல். அவர் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் வரும்.

சிவப்புக் குறி விழுந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி ஆறு கொலை மையங்களுக்குக் கொண்டுபோனார்கள்: கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹாடமார். அங்கே உடையைக் களைந்து ஒரு மருத்துவர் முன்னால் நிறுத்துவார்கள். சிகிச்சைக்கான பரிசோதனை இல்லை அது. ஆள் சரிதானா என்று கோப்போடு ஒத்துப்பார்ப்பார், நம்பும்படியான ஒரு மரணக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பார். தங்கப்பல் இருந்தால் உடம்பில் அடையாளம் போடுவார்கள். குளிக்கும் அறை போல் கட்டிய அறையில் கார்பன் மோனாக்சைடு. சிலிண்டரின் வால்வைத் திறப்பது மருத்துவர் வேலை என்று விதியே இருந்தது.

பொய் எழுதுவதும் எளிதாக இல்லை. எந்த வயதுக்கு எந்த நோய் பொருந்தும், எது சந்தேகம் கிளப்பும் என்று மருத்துவர்களுக்குக் குறிப்புகள் கொடுத்திருந்தார்கள். அப்படியும் சறுக்கியது. குடல்வாலை எப்போதோ அறுத்து எடுத்துவிட்ட ஆள் குடல்வால் அழற்சியில் செத்தார் என்று வீட்டுக்குக் கடிதம் போனது. ஆணின் அஸ்திக் கலசத்தில் கொண்டை ஊசி கிடந்தது. ஊர் பேச ஆரம்பித்தது. 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் பிரசங்க மேடையிலேயே இதைக் கொலை என்றார். அதே மாதம் எரிவாயுக் கொலை நிறுத்தப்பட்டது. அதற்குள் அவர்கள் கணக்குப்படியே 70,273 பேர் போய்விட்டார்கள்.

நிறுத்தியதாகச் சொன்னது எரிவாயுவை மட்டும்தான். கொலை அந்தந்த விடுதி வார்டுக்குள் நகர்ந்தது. லுமினால் என்ற தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் நுரையீரலில் சளி கட்டி, நிமோனியா வந்து ஆள் போய்விடுவார். சான்றிதழில் நிமோனியா என்று எழுதுவது அப்போது பொய்கூட இல்லை. காஃப்பாய்ரன் விடுதியில் வாலன்டின் ஃபால்ட்ல்ஹவுசர் வகுத்த சாப்பாட்டு முறையில் தண்ணீரில் வெந்த காய்கறிதான், எண்ணெயோ கொழுப்போ இறைச்சியோ கிடையாது. சில மாதங்களில் உடம்பு தானாக அடங்கிவிடும். 1945 மே 29 அன்று, போர் முடிந்து மூன்று வாரம் ஆன பிறகு, நான்கு வயது ரிச்சர்ட் யென்னே அங்கே கொல்லப்பட்டான். அமெரிக்கப் படை அப்போது ஏற்கெனவே அந்த ஊருக்கு வந்துவிட்டது.

மறுத்திருந்தால் தலை போயிருக்கும் என்ற சமாதானம் எடுபடாது. பாரங்களில் குறி போடும் வேலைக்காக 1940 ஆகஸ்டில் பெர்லினுக்கு அழைக்கப்பட்ட கோட்டிங்கன் பேராசிரியர் காட்ஃபிரீட் ஏவால்ட் முகத்துக்கு நேரே முடியாது என்றார். அவர் பேராசிரியராகவே தொடர்ந்தார்.

பிறகு நியூரம்பர்க்கில் மருத்துவர்கள் மீதான வழக்கு. 1946 டிசம்பர் 9 முதல் 1947 ஆகஸ்ட் 20 வரை 23 பேர் கூண்டில், அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்ட் உட்பட ஏழு பேரை 1948 ஜூன் 2 அன்று லாண்ட்ஸ்பெர்க் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஏழு பேர் விடுதலை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல்கள் விடாமல் சொன்ன ஒரு வாதம்: மற்ற நாட்டவரும் கைதிகள் மேல் சோதனை நடத்தினார்களே. அமெரிக்கச் சிறையில் நடந்த மலேரியா சோதனையை எடுத்துக் காட்டினார்கள்.

இதை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் மண்ணிலும் ஒன்று உண்டு. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றதற்கு நம் ஆட்கள் சாப்பிடும் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயில் இறந்தார்கள், புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இல்லை. கொல்லும் நோக்கம் அங்கே இல்லை, கிடைத்த அறிவு பிறகு பல உயிரைக் காத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

ஜெர்மனியிலோ சம்மத விதி முன்பே இருந்தது. 1931 பிப்ரவரியில் அந்நாட்டு அரசே எழுதியது: விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே சிறு ஆபத்தும் கூடாது, ஏழ்மையைப் பயன்படுத்தக் கூடாது. விதி இல்லாமல் இதெல்லாம் நடக்கவில்லை. தீர்ப்போடு வந்த நியூரம்பர்க் நெறிகள் பத்தும் அதனால்தான் சம்மதத்தில் தொடங்குகின்றன. முதல் நெறியின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. சம்மதம் உண்மையானதுதானா என்று உறுதி செய்யும் பொறுப்பு சோதனையில் ஈடுபடும் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது, அதை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது. வார்டில் மலாய்ப் பாரத்தை நீட்டி, ‘பாட்டி, இங்கே கைநாட்டு வைங்க’ என்று தாதியை அனுப்பிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனால், அந்தப் பொறுப்பு அவரோடுதான் போகிறது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ராவன்ஸ்புருக் முகாமில் போலந்துப் பெண்களின் கால்களைக் கிழித்துக் கிருமி வைத்த சோதனைகளில் பங்குகொண்ட ஹெர்டா ஓபர்ஹோய்சருக்கு 20 ஆண்டுச் சிறை. அதைப் பத்தாகக் குறைத்து, 1952-லேயே விட்டுவிட்டார்கள். வடக்கே ஒரு சிற்றூரில் குடும்ப மருத்துவராக உட்கார்ந்தார். முகாமில் இருந்த ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் 1958-ல் உரிமம் பறிபோனது. பாரங்களுக்குத் தலைமை நிபுணராக இருந்த வெர்னர் ஹைடே, ஃப்ரிட்ஸ் சாவாடே என்ற பெயரில் ஃபிளென்ஸ்பர்க்கில் நீதிமன்றங்களுக்கே மருத்துவ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று அங்கே பலருக்குத் தெரியும். 1959-ல்தான் பிடிபட்டார், 1964-ல் வழக்கு தொடங்கும் முன் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ஃபான்மியுல்லருக்குக் கிடைத்தது ஐந்து ஆண்டு.

ஜெர்மன் மருத்துவர் பேரவை பாதிக்கப்பட்டவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012-ல், அதே நியூரம்பர்க்கில். அதற்கு இருபது வருடம் முன்பு, 1992-ல், ஹான்ஸ் யோவாகிம் சேவரிங் உலக மருத்துவச் சங்கத்தின் அடுத்த தலைவராகத் தேர்வானார். 1943-ல் ஷோன்ப்ரூன் விடுதியிலிருந்து பாபெட் ஃப்ரோவிஸ் என்ற 14 வயதுச் சிறுமியை எக்ல்ஃபிங்-ஹாருக்கு, அதாவது ஃபான்மியுல்லரின் விடுதிக்கு, மாற்ற எழுதிய சீட்டில் அவர் கையெழுத்து இருந்தது. போன சில வாரத்தில் அவள் இறந்தாள். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றார் சேவரிங். எங்களுக்குத் தெரிந்திருந்தது என்றார்கள் ஷோன்ப்ரூனில் அப்போது பணியாற்றிய கன்னியாஸ்திரிகள். 1993 ஜனவரியில், பதவி ஏற்கும் முன்பே, சேவரிங் விலகினார். வழக்கு எதுவும் வரவில்லை. 2008-ல் ஜெர்மன் மருத்துவர் அமைப்பு ஒன்று அவருக்குப் பதக்கம் கொடுத்தது. 2010-ல் இறந்தார்.