ஊர்ப் பெட்டி

"ஊர்லேர்ந்து கொண்டாந்த பெட்டியிலதான் வந்திருக்கும்மா. முன்னாடி இருந்தவங்க ஒரு தடவகூட கம்ப்ளைன் பண்ணதில்ல."

வீடு பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. முந்தின இரவு தண்ணீர் குடிக்க எழுந்து அடுக்களை விளக்கைப் போட்டேன். மேடையில் பத்துப் பதினைந்து சின்னக் கரப்பான்கள் சிதறி ஓடின. காலையில் படம் எடுத்து அனுப்பியதற்குத்தான் இந்தப் பதில். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னவரும் தமிழர்தான். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

கோலாலம்பூருக்கு வந்து அப்போது 5 வாரம். செந்தூலில் ஒரு கொண்டோ, 11-ஆம் மாடி. பாளையங்கோட்டையிலிருந்து 4 பெட்டியோடு கிளம்பித் திருச்சியில் விமானம் ஏறினோம். எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இட்லித் தட்டு, காமாட்சி விளக்கு, அம்மா வறுத்து அரைத்த குழம்புப் பொடி, மகளின் பாவாடைகள். அம்மா இரண்டு நாள் மொட்டைமாடியில் நின்று, ஒவ்வொரு துணியையும் உதறி, வெயிலில் காயவைத்துத்தான் அடுக்கினாள். பெட்டியின் உள்மூலையைக்கூட ஈரத்துணியால் துடைத்தாள். அந்தப் பெட்டியைத்தான் அவர் சொன்னார்.

எங்கள் ஊரில் கரப்பான் என்றால் பெரிது. சுண்டுவிரல் நீளம், செம்பழுப்பு நிறம், கழுத்துப் பட்டையில் மங்கிய மஞ்சள். அது சாக்கடை வாசி. மழை வருவதற்கு முன்னால் புறவாசல் குளியலறைக்குள் ஏறிவரும். ஆச்சி அதைப் பாச்சான் என்பாள். பாச்சான் பறந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம், ஆச்சி மட்டும் வாரியலை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். ஒரே அடிதான். துணி பீரோவில் பாச்சை உருண்டை, வெள்ளிக்கிழமை தோறும் அடுக்களை நிலைப்படியில் லட்சுமண ரேகை சாக்பீஸ் கோடு. கோலம் போட்டுப் பழகிய கை அல்லவா, விஷக் கோட்டையும் இரட்டை இழையாக, கோணாமல் இழுப்பாள். "கோட்டைத் தொட்ட கைய வாயில வைக்காத ஏட்டி" என்று எனக்கு ஒரு அதட்டல். இதுதான் எனக்குத் தெரிந்த கரப்பான் வைத்தியம் முழுவதும். அதை நம்பித்தான் செந்தூல் வந்திருந்தேன்.

இங்கே ஓடியதோ வேறு சாதி. முதல் நாள் ராத்திரி என் கணவர் ஸ்ப்ரே டின்னில் பாதியைக் காலி செய்தார். மறுநாள் படுக்கையறை அலமாரியில் இரண்டு நின்றன. ஸ்ப்ரே படுகிற பூச்சி சாகும், மிச்சமெல்லாம் வேறு இண்டு தேடிப் போகும் என்று அப்போது தெரியாது. மகளுக்குச் சளி பிடித்தால் வீசிங் வரும். கரப்பானின் எச்சத்திலும் எச்சிலிலும் உரித்த தோலிலும் இருக்கிற புரதங்கள் ஆஸ்துமாவைத் தூண்டும் என்று படித்ததும், இனி கண்ட மருந்தை அடிப்பதில்லை, முதலில் இது எது என்று பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

ஒன்றைக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். மகளின் ஸ்கேலை வைத்து அளந்தால் 13 மில்லிமீட்டர். வெளிர் பழுப்பு. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது தலைக்குப் பின்னால், கழுத்துப் பட்டையில், நாமம் இட்டதுபோல் இரண்டு கறுப்புக் கோடுகள் நேராக இறங்கின. வால்பக்கத்தில் நெல்மணி அளவில் ஒரு பழுப்புப் பை நீட்டிக்கொண்டிருந்தது. முட்டைப் பை. அந்த ஒரு நெல்லுக்குள் 30, 40 முட்டைகள் இருக்கும். பெரிய கரப்பான் தன் பையை எங்காவது மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும், அதில் சுமார் 16 முட்டைதான். இந்தச் சின்னது குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை கூடவே சுமந்து திரியும். இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். இறக்கை உண்டு, பறக்காது. சாக்கடையில் இதற்கு வேலையில்லை. கதகதப்பும் ஈரமும் உள்ள மெல்லிய இடுக்கு வேண்டும், அதாவது அடுக்களை.

கதகதப்பான இடுக்கு எங்கே என்று தேடினால் ஃப்ரிட்ஜ். வீட்டோடு வந்த ஃப்ரிட்ஜ் அது, எங்களுடையதில்லை. சனிக்கிழமை இரண்டு பேருமாக முன்னால் இழுத்தோம். பின்னால் மோட்டார் இருக்கிற குழியில் மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் எச்சம். கதவு ரப்பரின் மடிப்பைப் பிரித்தால் அங்கேயும் அதே தூள். உரித்த தோல்களும் வெறும் முட்டைப் பைகளும் ஒட்டடையோடு சேர்ந்து கட்டிதட்டிக் கிடந்தன. முட்டை முழுப் பூச்சியாக வளரச் சுமார் 2 மாதம் ஆகும். நாங்கள் வந்து 5 வாரம். அங்கே கிடந்ததோ பல தலைமுறைத் தோல்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த அழுக்கைத் துடைத்தபோது எனக்கு அருவருப்பைவிட ஆறுதல்தான் பெரிதாக இருந்தது. அம்மாவின் பெட்டி சுத்தம். ஏஜெண்டுக்குப் படங்களை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போய்க் கொட்டினேன். அறுபது வயதிருக்கும், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டியாம்மா?" என்றார். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் இலை போடப்போகிறார்கள் என்று அர்த்தம், நானும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். இங்கே அது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்கிற சாதாரண விசாரிப்பு. ஆனாலும் அக்கா ஒன்றும் சொல்லாமல் எனக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தார்.

பெட்டிப் பேச்சைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. கரப்பானை இங்கே லிப்பாஸ் என்பார்கள். "லிப்பாஸ் எல்லா வூட்லயும்தான் இருக்கு மா. எங்க தாத்தாவும் ஒரு தகரப் பெட்டியோடதான் வந்தாரு, நாகப்பட்டணத்துலேர்ந்து, ரஜூலா கப்பல்ல. அந்தப் பெட்டி இன்னும் உள்ள இருக்கு, வா காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கறுப்புச் சாயம் உரிந்த பெட்டி, மேலே ஒரு பூத்துணி விரிப்பு. திறந்தார். உள்ளே பழைய பட்டுப்புடவையும் இரண்டு பாச்சை உருண்டைகளும் இருந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எங்கள் வீட்டு பீரோ முன்னால் நின்றேன். ஆச்சியின் சுங்குடிச் சேலை, நடுவில் காலணா பர்ஸ்.

கிளம்பும்போது அக்கா பாண்டான் இலையை ஒரு கட்டாக முடிந்து கொடுத்தார். இங்கே டாக்சிக்காரர்கள் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், கரப்பான் அண்டாமல் இருக்கத்தானாம். நம் பக்கம் ரம்பை என்பார்கள். பாசுமதி அரிசி வேகும்போது வருமே, அதே வாசனை. இரண்டிலும் உள்ள மணப்பொருள் ஒன்றேதான். இரண்டு நாள் அடுக்களை கல்யாண வீடு மாதிரி மணத்தது. ஆனால் பாண்டான் விரட்டுமே தவிரக் கொல்லாது. விரட்டினால் எங்கே போகும்? சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீடு. குழாய் போகிற துளைகள், மாடிக்கு மாடி குப்பை போடும் குழாய், எல்லாம் அதற்கு நடைபாதை. இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப ரெண்டு வூட்லயும் ஒண்ணா செய்வோம் மா" என்றார்.

செந்தூல் கடையில் ஜெல் மருந்து வாங்கினோம், ஊசிக்குழல் மாதிரி இருக்கும். இதில் கை அடக்கம்தான் முக்கியம். பெரிய உருண்டையாக வைத்தால் வீண். மல்லி விதை அளவுப் பொட்டுகளாக, அலமாரிக் கதவுக் கீல், இழுப்பறையின் பின்பக்கம், ஸிங்குக்குக் கீழே குழாய் நுழையும் இடம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் என்று நிறைய இடத்தில் வைக்கவேண்டும், பிள்ளை கைக்கு எட்டாமல். அந்தப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, அடித்தால் பூச்சி ஜெல்லைத் தொடாது. தின்றது உடனே சாவதில்லை. இடுக்குக்குள் போய்த்தான் சாகும். அதன் எச்சத்தையும் உடம்பையும் மற்றவை தின்று அவையும் சாகும். குஞ்சுகள் இடுக்கை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை, ஆகவே இந்த வழியில்தான் விஷம் அவற்றிடம் போய்ச் சேரும். கூடவே ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது, ஸிங்கை உலர்த் துடைக்கவேண்டும், துளைகளை சிலிக்கான் வைத்து அடைக்கவேண்டும்.

ஃப்ரிட்ஜ் பக்கம் ஒட்டும் அட்டை ஒன்றும் வைத்தேன். முதல் ராத்திரி 23. இரண்டு வாரத்தில் 9. அப்புறம் புதிதாகப் பொரித்த பொடிசுகள் வந்து 14 ஆகி என்னை அழவைத்தன. புது ஜெல் வைத்தோம். மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. அக்கா வீட்டு அட்டையும் வெறுமை. அன்றைக்கு அக்கா பாயாசம் வைத்தார், பாண்டான் இலை போட்டு.

இதற்கு ஜெர்மன் என்று பெயர் வந்த கதையையும் தேடிப் படித்தேன். லின்னேயஸ் 1767-இல் வைத்த பெயர். ஆனால் ரஷ்யர்கள் இதைப் புருசாக் என்பார்கள், பிரஷ்யாக்காரன் என்று பொருள். ஜெர்மனியிலோ இதை ரஷ்யன் என்று சொல்லியிருக்கிறார்கள். 2024-இல் 17 நாட்டுப் பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டு வந்த ஆய்வு, சுமார் 2100 வருடங்களுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் காட்டுக் கரப்பான் ஒன்றிலிருந்து இது பிரிந்து மனிதர் வீட்டுக்குள் குடியேறியது என்கிறது. அப்புறம் வணிகர்களோடும் படைகளோடும் கப்பல்களோடும் உலகம் சுற்றியிருக்கிறது. பெரிய கரப்பானுக்கு அமெரிக்கன் என்று பெயர், அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எந்த நாட்டிலும் இது பக்கத்து நாட்டுக்காரன் பெட்டியில் வந்ததாகத்தான் பேச்சு. படித்தபின் அந்த ஏஜெண்ட் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுவதும் தணியவில்லை. ஒரு வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. செந்தூல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் பத்துமலைக்குத் தனியாகப் போய்வருகிறேன். நானும் ரோட்டைச் சடக்கு என்கிறேன். போன மாதம் மழைக்கு முன்னால் ஒரு பெரிய கரப்பான் குளியலறையில் ஏறிவந்தது. பயன்படுத்தாத குளியலறையின் தரைக் குழியில் தண்ணீர் வற்றிவிட்டால் அந்த வழியாக வரும், வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். அது எனக்குத் தெரியும், ஊற்றவும் செய்தேன். ஆனால் அந்தச் செம்பழுப்பு முதுகைப் பார்த்த மாத்திரத்தில், அடிக்கத் தோன்றாமல், பாளையங்கோட்டைப் புறவாசலும் மண்வாசனையும் வாரியலைத் தேடும் ஆச்சியின் குரலும் வந்து நின்றுவிட்டன. மகள் கத்தியபிறகுதான் நான் திரும்பிவந்தேன்.

முந்தாநாள் அம்மா கூப்பிட்டாள். "ஃப்ரிட்ஜ் பின்னால சின்னச் சின்னதா கெடக்குட்டி. பாச்சான் குஞ்சுன்னு நெனச்சேன், பெருசாக மாட்டேங்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ சித்திரைக்கு வந்தப்ப பெட்டியில எதும் ஏறி வந்துட்டோ?" என்றாள்.

இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கழுத்துல ரெண்டு கோடு இருக்கான்னு பாரும்மா" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, டம்ளரைக் கவிழ்த்து, படம் எடுத்து அனுப்பினாள். பூச்சிக்கு முன்னால் என் கண்ணில் பட்டது நிலைப்படி. ஆச்சி போய் 6 வருடம் ஆகிறது. அங்கே சாக்பீஸில் இரட்டைக் கோடு, புதிதாக, கொஞ்சம் கோணலாக இழுத்திருந்தது. அதற்கு உள்பக்கம், டம்ளருக்குள், நாமத்தோடு அது நின்றுகொண்டிருந்தது.