கோப்பையில் மிச்சம்

சின்னம்மாவின் மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிறாள். போன கிழமை இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அக்கா, முதல் முதல் ஒராளோட சாப்பிடப் போனால் என்ன ஓடர் பண்ணுறது?" யார் அந்த ஒராள் என்று நான் கேட்கவில்லை. ஏழு நிமிசத்துக்கு வொய்ஸ் போட்டு அனுப்பினேன். அதில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் இதற்கு இன்னும் சரியான பெயர் இல்லை. டேற்றிங் என்றால் அது கொழும்பில் நடப்பது. நாங்கள் "ஒருக்கால் சந்திச்சுக் கதைப்பம்" என்போம். வீட்டுக்குத் தெரிந்தும் நடக்கும், தெரியாமலும் நடக்கும். இரண்டுக்கும் கிளிநொச்சியில் இருப்பது ஏ9 ஓரத்துக் கடைகள்தான். அந்த றோட்டால் போகிற பஸ், ஓட்டோ, மோட்டார்சைக்கிள் எல்லாவற்றிலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அதனால் நான் வாசலுக்கு முதுகு காட்டித்தான் இருப்பேன். அவர் வாசலைப் பார்த்து இருக்கட்டும். அவரைத் தெரிந்தவர்கள் வந்தால் அது அவர் பாடு.

முதல் நாள் கொத்துரொட்டி வேண்டாம். சுவையில் குறை சொல்லவில்லை, எனக்குக் கொத்து உயிர். ஆனால் கல்லில் இரண்டு தகட்டாலும் டக்கு டக்கு என்று அடிக்கிற சத்தத்துக்குள் "நீங்கள் என்ன படிச்சனீங்கள்?" என்று மூன்று தரம் கத்திக் கேட்க வேண்டி வரும். கோழிக்கொத்தில் எலும்பு வேறு. அதை வாயிலிருந்து எப்படி எடுப்பது, எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே பாதிக் கதை போய்விடும்.

முள்ளுக்கரண்டியும் வேண்டாம். வந்தவுடன் பின்பக்கம் போய்க் கை கழுவுங்கள். கழுவுகிற இடத்தில் ஆணியில் பழைய பேப்பர் வெட்டிக் கொளுவியிருந்தால் அது எங்கள் கடை, கையால் சாப்பிடலாம். நான் ஒருமுறை கை துடைக்க எடுத்த துண்டில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு விடைத்தாள், நூற்றுக்கு முப்பத்தொன்று. மேசைக்குத் திரும்பியதும் அதைத்தான் முதலில் சொன்னேன். எதிரில் இருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. பேப்பர் துண்டின் இடத்தில் வெள்ளை ரிசு பேப்பர் மடித்து வைத்திருந்தால் பில்லின் அடியில் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று ஒரு வரியும் இருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மெனுவைப் பாருங்கள்.

காசு விசயத்தில் அம்மாவின் புத்திமதி ஒன்றுதான். "காசு கொண்டு போ, ஆனா முதல்ல நீட்டாதை." ஐயாயிரம் தாள் ஒன்றை நாலாக மடித்துப் போன் கவருக்குள் வைத்திருப்பேன். நீட்டுவதா இல்லையா என்பதை அன்றைய கதையைப் பொறுத்து நானே தீர்மானிப்பேன்.

இனி, வொய்ஸில் சொல்லாமல் விட்டது.

இரண்டு வருசத்துக்கு முன்னர் எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தார், இங்கே வங்கியில் வேலை. சாதகம் பொருந்தி, இரண்டு வீடும் போட்டோ பார்த்து, அதற்குப் பிறகுதான் எங்களைச் சந்திக்க விட்டார்கள். மேல்மாடி, ஏசி, கண்ணாடிக் கதவு. அவர் வடிவாகக் கதைத்தார். என்னையும் கதைக்க விட்டார், அது பெரிய விசயம். மெனுவை என் பக்கம் திருப்பி, "உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுங்கோ" என்றார். நானும் விருப்பமானதைச் சொன்னேன். பிரைட் ரைஸ் இரண்டு வந்தது. ஒன்றிலேயே எங்கள் வீட்டில் மூன்று பேர் சாப்பிடலாம்.

நான் என் சாப்பாட்டுக் கோப்பையை முடித்தேன். பசியென்று முடிக்கவில்லை. எனக்குக் கோப்பையில் மிச்சம் வைக்கத் தெரியாது. 2009இல் எனக்குப் பன்னிரண்டு வயது. முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணியுமாய்க் காய்ச்சின கஞ்சிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். தம்பிக்குச் சேர்த்து வாங்கலாம் என்று இரண்டு பாத்திரம் கொண்டுபோனால் ஒன்றுக்குத்தான் ஊற்றுவார்கள். பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாம், அங்கேயும் வரிசை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இங்கே என் வயதில் பாதிப்பேருக்கு இதே கதைதான். சோறு கொட்டினால் எங்களுக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும், அவ்வளவுதான்.

அவர் நாலைந்து வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியையும் முள்ளையும் சேர்த்து வைத்தார். கோழிக்கால் வைத்தபடி தொடாமல் கிடந்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு மட்டும் எடுத்து ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவர் தன் வேலை மாற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடமாற்றம் எந்த ஊருக்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. கோப்பை எடுக்க வந்த பெடியனிடம், "தம்பி, இதைப் பார்சல் கட்டித் தாங்கோ" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றார்.

மாடியில் எங்களைத் தவிர ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுடைய சின்னப்பிள்ளை ஐஸ்கிறீமை உடுப்பில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பெடியன் பார்சலைக் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேசை நடுவில் வைத்தான். அவர் கார்ட் கொடுத்து பில் கட்டினார். பார்சலை நான் எடுத்துக்கொண்டேன். இரவு அம்மா வெங்காயமும் மிளகாயும் வெட்டிப் போட்டுச் சூடாக்கித் தர தம்பி சாப்பிட்டான். எலும்பு நாய்க்கு.

நாலாம் நாள் தரகர் ரெலிபோன் எடுத்தார். "பொருத்தம் சரிவரேல்லையாம்." பொருந்திய பிறகுதானே சந்திக்கவே விட்டீர்கள் என்று அப்பா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிடுவது மரியாதை இல்லை, ஒரு வாயாவது விட வேண்டும் என்று சொல்லி வளர்க்கிற வீடுகள் உண்டு. அவர் வீட்டில் அது பழக்கம், என் வீட்டில் இது. முதல் சந்திப்பில் பார்சல் கேட்டது பிழையா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தேன். கேட்ட விதம் பிழையாக இருந்திருக்கலாம். அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், அவருடைய கோப்பைதானே. கேட்டது பிழை இல்லை.

அதனால் தங்கச்சிக்கு நான் சொன்ன இடம் அம்மாச்சி உணவகம். அங்கே மேசைக்கு யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். பெண்கள் கண் முன்னால் சமைப்பார்கள், நீயே போய் வேண்டியதை மட்டும் வாங்கி வரலாம். இப்போது நான் கதைத்துக்கொண்டிருப்பவரை முதலில் சந்தித்தது அங்கேதான். முல்லைத்தீவுப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். நான் இலைக்கஞ்சியும் வடையும் வாங்கினேன், அவர் தோசை வாங்கினார். அவரவர் காசு அவரவர். சந்திப்பு அரைமணித்தியாலத்தில் முடிந்தது. பிடிக்காவிட்டாலும் அரைமணித்தியாலம்தான் நட்டம். அதைவிடச் சுகம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக் கச்சான் கடலை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு பை வாங்கி வெளியில் நின்று உடைத்தால் கைக்கும் வேலை, கதை நின்றுபோனாலும் தெரியாது. ஆனால் வருகிற போகிற வாகனம் எல்லாம் நிற்கிற இடம் அது. ஒளிக்க ஏலாது.

இரண்டாம் சந்திப்பு பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. இருந்தவுடனேயே கேட்காமலே ஒரு தட்டு வந்துவிட்டது. ரோல்ஸ் இரண்டு, பற்றிஸ் இரண்டு, மரக்கறி ரொட்டி, கட்லட், உழுந்து வடை. இந்தத் தட்டுக்குச் சட்டம் உண்டு. தொட்டால் உன்னுடையது. அமத்திப் பார்த்து வைக்கக்கூடாது. கடைசியில் பெடியன் வந்து மிச்சத்தைப் பார்த்துச் சாப்பிட்டதை எண்ணுவான், நீ சொல்லும் எண்ணிக்கையும் அவன் எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும். மிச்சம் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், வீணாகாது. எனக்கு இந்த முறையில் பெரிய மதிப்பு.

வாத்தியார் வடையை எடுத்தார், பிறகு ரோல்ஸ், பிறகு என்னைப் பார்த்துவிட்டு ரொட்டி. நான் இரண்டு பற்றிஸ். இரண்டு பிளேன்ரீ. பில்லுக்கு எழும்பும்போது முதலாளி கையை ஆட்டி, "காசு குடுத்தாச்சு" என்றார். மூலை மேசையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருந்திருக்கிறார். நான் வாசலுக்கு முதுகு காட்டி இருந்த பெருமையில் மூலையைப் பார்க்கவில்லை. எங்களிடம் ஒரு சொல் கதைக்காமல் கணக்கைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வாத்தியாருக்கு முகம் வெளிறிவிட்டது. "இனி நான் அவருக்குக் கடனோ?" என்று கேட்டார்.

ஸ்கூட்டியை முற்றத்தில் நிப்பாட்டும்போதே அம்மா குசினி வாசலில் நின்றா. யார், எந்த ஊர், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை வடிவாச் சாப்பிட்டதோ?" என்றா.

"மூண்டு சாப்பிட்டவர்" என்றேன்.

"நாலெண்டல்லோ சொன்னவர்."