வரலாறு படித்துக்கொண்டே ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த அனுபவம்

ஆர்ட்ஸ் எடுத்தால் படிக்கும்போதே வேலை அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இளங்கலை வரலாறு படித்த காலத்தில், வகுப்பு இல்லாத பிற்பகல்களில் ஒரு ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தேன். அந்த நேரம் கிரெடிட்டாகவும் கணக்கில் சேர்ந்தது.

படிப்போடு வேலையையும் சேர்த்துத் தரும் முறை பழசுதான். 1906-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் அதைத் தொடங்கினார். ஆனால் பொறியியல் மாணவர்களுக்காக. என் கல்லூரியிலும் அவர்களுக்குத்தான் எல்லாம் தயாராக இருந்தது. எங்கள் துறையில் நாமே போய்க் கேட்க வேண்டும். துறைத்தலைவர் முதலில் தயங்கினார். "அங்கே போய் தாளைத்தானே அடுக்கப் போகிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் விண்ணப்பத்தில் என்ன வேலை செய்வேன் என்பதோடு நிறுத்தாமல், அதிலிருந்து எந்தப் பாடத்துக்கு என்ன கிடைக்கும் என்றும் எழுதினேன். காப்பகத்திலும் ஒரு கோரிக்கை வைத்தேன்: ஸ்கேன், லேபிள் வேலைகளோடு ஒரு கோப்புத் தொகுதியையாவது நானே படித்து விவரக்குறிப்பு எழுத வேண்டும். இதை முதலிலேயே பேசிவிடுவது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் முழு செமஸ்டரும் ஸ்கேனர் முன்னாலேயே போய்விடும். தேர்வு வார விடுப்பையும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதலில் கொடுத்தது துருப்பிடித்த பின்களை எடுக்கும் வேலை. பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, பின்பக்கம் மடிந்திருக்கும் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் துருவோடு தாளும் பிய்ந்து வரும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். கை பழகியதும் கண் தானாகவே தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் வந்த கோப்புத்தான் எனக்குப் பெரிய பாடம். ஒரு தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மக்கள் எழுதிய மனு அது. அதற்கு அலுவலகம் தயாரித்த பதிலின் வரைவில் "உடனடியாக" என்ற சொல்லை அடித்து, மேலே "உரிய காலத்தில்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரைவுக்குக் கீழே, தேதிப்படி பார்த்தால் வேறெங்கோ இருக்க வேண்டிய வரி பாக்கிப் பட்டியல் ஒன்று. நான் தேதி வாரியாக அடுக்கட்டுமா என்று கேட்டேன். மேற்பார்வையாளர் அக்கா தடுத்தார். ஓர் அலுவலகத்தின் தாள்களை வேறொன்றின் தாள்களோடு கலக்கக் கூடாது என்ற விதி 1841-லேயே பிரான்ஸில் வகுக்கப்பட்டது. அதோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு விதி, அந்த அலுவலகம் வைத்த வரிசையையும் குலைக்கக் கூடாது என்பது. பட்டியல் அந்த இடத்தில் இருந்ததால்தான், அந்தத் தெருவின் வரி பாக்கியையும் குழாயையும் யாரோ சேர்த்து யோசித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கவாவது முடிந்தது. மூல ஆதாரத்தைக் கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது எப்படி என்று புரிந்தது அந்த மேஜையில்தான். வகுப்பில் படிக்காமல் போயிருந்தால் அந்தப் பட்டியல் என் கண்ணிலேயே பட்டிருக்காது. படிப்பு வேறு, வேலை வேறு என்று பிரிப்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

விவரக்குறிப்பு எழுதுவது கட்டுரை எழுதுவதற்கு நேர் எதிர். யார் உருவாக்கியது, எந்த ஆண்டு, எவ்வளவு, உள்ளே என்ன என்பதைச் சில வரிகளில் சொல்ல வேண்டும். நம் ஊகத்துக்கு அங்கே இடமில்லை. என் எழுத்தில் இருந்த சதையெல்லாம் அங்கேதான் குறைந்தது.

தினமும் கிளம்பும் முன் குறிப்பேட்டில் நாலு வரி எழுதிவைத்தேன். கடைசி அறிக்கைக்கு அதுதான் கைகொடுத்தது. கோப்புகளில் தனிநபர் விவரங்கள் இருக்கும் என்பதால், அறிக்கையில் எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். ரெஸ்யூமேயில் "காப்பகத்தில் பயிற்சி" என்று மட்டும் போடாமல், எந்தத் தொகுதிக்கு விவரக்குறிப்பு எழுதினீர்கள் என்று போடுங்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அந்த வரியிலிருந்துதான். பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் வேலை மேற்பார்வையாளருக்கு நன்றாக நினைவில் இருக்கும்போதே, கடைசி வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.